ஒன்பது பேரும் ஒரு திறப்பும்

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில், 2015 உயர்தரப் பிரிவினர் சார்பில் இருவர் மாறி மாறி வாசித்த உரை. கல்லூரியின் ஊடகக் கழக மாணவிகள் நூற்றாண்டுக் குறும்படம் ஒன்றைத் தொடங்கியிருப்பதால், அவர்களுக்காகக் கேட்டுப் பெறப்பட்டது.)

 

செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டது இவ்வளவுதான்: "குழுவாய் வேலை செய்யிறதைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் கதையுங்கோ பிள்ளையள். நீங்கள் படம் எடுத்தனீங்கள் எல்லே." நாங்களும் உடனே ஓமென்று சொல்லிவிட்டோம். பரிசு வாங்கிய படம். சொல்வதற்கு நல்ல கதைகள் இருக்கின்றன என்று நினைத்தோம். எழுத உட்கார்ந்தபோதுதான், நல்ல கதைகளோடு சொல்லியே ஆகவேண்டிய இன்னொன்றும் இருப்பது தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்லுவோம். இடையில் எழுந்து போய்விடாதீர்கள்.

நாங்கள் ஒன்பது பேர். 2014 இல் ஆண்டு 12 இல் படித்துக்கொண்டிருந்தோம். இந்த உரையில் யாருடைய பெயரும் வராது. அன்று ஒவ்வொருத்திக்கும் கிடைத்த வேலையின் பெயரால்தான் இன்றும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தியை ஒருத்தி அழைக்கிறோம். இயக்குநர், தயாரிப்பாளர், உதவி இயக்குநர், கமரா, ஒலி, தொடர்ச்சி, கலை, தொகுப்பு, நடிகை. 'தொடர்ச்சி' இப்போது ஒரு வங்கியில் கணக்காய்வு செய்கிறாள். 'கலை'க்கு இரண்டு பிள்ளைகள். 'ஒலி' நோர்வேயில் இருக்கிறாள்.

முதலில் இந்த வேலைகளை நாங்கள் எப்படிப் பங்கிட்டோம் என்று சொல்ல வேண்டும். சின்னம் குத்துவது போலப் பங்கிட்டோம். பாடசாலையில் எங்களுக்குத் தெரிந்த பதவிகள் மாணவத் தலைவி, இல்லத் தலைவி, மன்றச் செயலாளர் என்பவைதான். அவற்றில் மேல் கீழ் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் குத்திக்கொண்டு திரியக்கூடிய சின்னம் உண்டு. ஆகவே படத்துக்கும் அப்படியே வாக்கெடுத்தோம். தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்கு முதலிடம் எடுத்தவள் இயக்குநர். நல்ல தலைமயிரும் குரலும் உள்ளவள் நடிகை. வீட்டில் கமரா வைத்திருந்தவள் கமரா. அவளுக்குப் படம்பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கொம்பியூட்டர் உள்ளவள் தொகுப்பு. மற்றவர்களுக்கு 'உதவி' என்று போட்டோம். உதவி என்றால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். "தேவைப்படேக்கை சொல்லுவம்" என்றோம்.

முதல் சனிக்கிழமைப் படப்பிடிப்பு ஒக்ரோபர் மாதத்தில் நடந்தது. யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்துக்குப் பின்புறம், எங்களில் ஒருத்தியின் அன்ரி வீடு. அந்த நாளைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு நகைச்சுவைப் படம். காலை எட்டு மணிக்கு என்று சொன்னது பத்தேகாலுக்குத் தொடங்கியது, ஏனென்றால் எட்டு மணி என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டியவள் யார் என்பது எவருக்கும் தெரியாது. கமரா வந்தது, பற்றரி முதல்நாளே இறங்கியிருந்தது. 'அக்ஷன்' என்று மூன்று பேர் சொன்னார்கள். 'கட்' சொல்ல ஒருவரும் இல்லை. எங்களிடம் இருந்தது 8 ஜீபி அட்டை ஒன்று. அந்தக் கமராவில் அது இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடத்தான் பிடிக்கும். முற்பகலிலேயே நிரம்பிவிட்டது. பாதிக்கு மேல் நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் காட்சிகள். பாட்டி வேடத்துக்காக ஒருத்தியின் தலையில் ரல்கம் பவுடர் கொட்டினோம். அவள் தும்மும்போதெல்லாம் வெள்ளைப் புகை எழும்பியது.

பின்னேரம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். நடிகை வாசலால் வெளியே வரும்போது இரட்டைப் பின்னல் மடித்துக் கட்டியிருக்கிறது. அடுத்த நொடி முற்றத்தில் நிற்கும்போது ஒரு பின்னல் தொங்குகிறது, றிபனைக் காணவில்லை. வாசலில் நிழல் மேற்கே விழுகிறது, முற்றத்தில் கிழக்கே. யாரில் பிழை என்று சண்டை வந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், சண்டையில் எல்லோரும் சொன்னது உண்மை: "அது என்ரை வேலையில்லை." யாருடைய வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லையே.

திங்கட்கிழமை எங்கள் நாடகமும் அரங்கியலும் ரீச்சரிடம் போனோம். இயக்குநரை மாற்றித் தரவேண்டும் என்பது எட்டுப் பேரின் மனு. எட்டுப் பேரையும் மாற்ற வேண்டும் என்பது இயக்குநரின் மனு. ரீச்சர் இரண்டையும் கேட்டுவிட்டுக் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். இவள் எதைத் தானே தீர்மானிப்பாள்? எதை, யாரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்? பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது இவளின் கையில் என்ன இருக்க வேண்டும்? ஒன்பது பேருக்கும் இந்த மூன்றையும் நிரப்பும்வரை கமராவைத் தொடக்கூடாது என்றார்.

தங்கைமாரே, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் இந்த இடத்தை எழுதுங்கள். முதலிரண்டு கேள்விகளுக்கும் வாயால் விடை சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் எங்களைத் திருத்தியது. தயாரிப்பாளரின் கையில் மிச்சக் காசும், வீட்டுக்காரரும் பெற்றோரும் தந்த அனுமதிக் கடிதங்களும் இருக்க வேண்டும். ஆளுக்கு 500 ரூபாய் போட்டு 4,500 சேர்த்திருந்தோம். அதற்குள் ஓட்டோவும் மத்தியானச் சாப்பாடும் அடங்க வேண்டும். உதவி இயக்குநரின் கையில் அடுத்த நாளுக்கான நேர அட்டவணை. யார் எத்தனை மணிக்கு, எதைக் கொண்டு, எங்கே வரவேண்டும் என்பது. கமராக்காரியின் கையில் அட்டை வெறுமையாக, படங்கள் இரண்டு இடத்தில் பிரதியாக, பற்றரி மின்னேற்றத்தில். கலைக்காரியின் கையில் இரவல் வாங்கிய சாமான்களின் பட்டியல், திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளத்தோடு. இயக்குநரின் கையில் காட்சிப் பட்டியல். எடுத்தது எது, எடுக்காதது எது. கவனியுங்கள், இயக்குநருக்கும் ஒரு தாள்தான் கிடைத்தது.

உதவி இயக்குநர் என்றால் இயக்குநருக்குத் தண்ணீர் கொடுப்பவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். படப்பிடிப்பு இடத்தில் மணிக்கூடு அவள் கையில்தான் இருக்கிறது. "இன்னும் ஒருக்கா எடுப்பம்" என்று இயக்குநர் சொன்னால், "எடுக்கலாம், ஆனால் கிணற்றடிக் காட்சி இன்றைக்கு இல்லை, எது வேணும்?" என்று கேட்பவள் அவள். எங்கள் வகுப்பில் ஆக மெதுவாகக் கதைப்பவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தார் ரீச்சர். நாங்கள் நம்பவில்லை. சத்தம் போடாமலே நேரத்தைச் சொல்லும் ஒருத்தியோடு சண்டை பிடிக்க முடியாது என்று பிறகு தெரிந்தது.

அன்று ரீச்சர் சுமித்திரா பீரிஸ் பற்றிச் சொன்னார். இலங்கையின் முதல் பெண் திரைப்பட இயக்குநர் என்று பொது அறிவுக்காக நாங்கள் பாடமாக்கி வைத்திருந்த பெயர். ஆனால் 1960 இல் வந்த 'சந்தேசய' படத்தில் அவர் உதவி இயக்குநர். 1963 இல் வந்த 'கம்பெரலிய'வுக்குப் படத்தொகுப்பாளர். தானே இயக்கிய முதல் படமான 'கெஹெனு லமாய்' வந்தது 1978 இல். பதினெட்டு ஆண்டுகள் அவர் செய்த வேலைகளைத்தான் நாங்கள் மற்றவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்துக்கும் இது புதிய தொழிலல்ல என்று சொல்லி, தர்மசேன பத்திராஜ 1977 இல் தந்த 'பொன்மணி'யையும், செங்கை ஆழியானின் நாவலில் இருந்து 1978 இல் வந்த 'வாடைக்காற்'றையும் குறிப்பிட்டார். அவற்றின் பெயர்ப் பட்டியல்களை வாசியுங்கள் பிள்ளைகள், ஒரு படத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று தெரியும் என்றார். பெயர்ப் பட்டியலைப் பற்றி அவர் சொன்னதை நாங்கள் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி இரண்டு வேலைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லப்போகிறோம். இரண்டும் 'உதவி'க்குள் இருந்து வந்தவை.

ஒன்று தொடர்ச்சி. படம் கதை ஒழுங்கில் எடுக்கப்படுவதில்லை. கிணற்றடிக் காட்சிகளை ஒரே நாளில் எடுப்போம், அறைக் காட்சிகளை இன்னொரு நாளில். கதையில் அடுத்தடுத்து வரும் இரண்டு நொடிகளுக்கு இடையில் உண்மையில் இரண்டு கிழமை இருக்கும். தொடர்ச்சிக்காரி ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் எழுதி வைக்க வேண்டும்: பின்னல் எப்படி, கோப்பை எந்தக் கையில், அதில் தேத்தண்ணி எவ்வளவு, கதவு எத்தனை சாண் திறந்திருந்தது. எங்கள் தொடர்ச்சிக்காரி கணக்குப் படித்தவள். சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதினாள், போனில் படமும் எடுத்தாள். எங்களுக்கோ நவம்பர் வந்துவிட்டது. மாரி தொடங்கிவிட்டது. உலர்ந்த முற்றத்தில் தொடங்கிய காட்சியை ஈர முற்றத்தில் முடிக்க முடியாது. "முற்றத்தை விடுங்கோ, விறாந்தைக்கு மாத்துங்கோ, கூரையால தண்ணி சொட்டட்டும்" என்று சொன்னவள் அவள்தான். இயக்குநர் ஒரு நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஓமென்றாள். படத்தில் எல்லோரும் வடிவென்று சொல்லும் மழைக் காட்சி அப்படி வந்தது.

மற்றது ஒலி. எங்களிடம் நல்ல மைக் இல்லை. ஒரு போனைத் தும்புத்தடியில் கட்டி, நடிகையின் தலைக்கு மேலே, கமராவின் கண்ணில் படாமல் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், கை நடுங்கும். கமராவில் படம், போனில் ஒலி. இரண்டையும் பிறகு பொருத்துவதற்காகத்தான் அந்தப் பலகையை அடிப்பது. பலகை இரண்டும் முட்டும் படத்தையும் அந்தச் சத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் மிச்சமெல்லாம் தானாகச் சேரும். இல்லையென்றால் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். சினிமாக்காரர் பந்தாவுக்கு அடிப்பது என்று நினைத்து அதை முதல் நாள் பகிடிக்குச் செய்தவர்கள் நாங்கள்.

ஒலிக்காரி படப்பிடிப்புக்கு வந்ததும் முதலில் எல்லோரையும் வாய்மூடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு போய்க் காற்றாடியை நிற்பாட்டுவாள், குளிர்ப்பெட்டியை நிற்பாட்டுவாள். முதல் தடவை குளிர்ப்பெட்டியைத் திரும்பப் போட மறந்து, அன்ரியின் மீன் பழுதாகிப் பெரிய வெட்கமாகிவிட்டது. அடுத்த தடவையில் இருந்து அவள் தன்னுடைய சைக்கிள் திறப்பைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுவாள். வீட்டுக்குப் போகத் திறப்பை எடுக்க வேண்டும். எடுக்கப் போனால் பெட்டி நிற்பது தெரியும். ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் அமைதியையும் பதிந்து வைப்பாள். "அமைதியை என்னத்துக்கடி பதியிறாய்?" என்று சிரித்தோம். தொகுக்கும்போது இரண்டு வசனங்களுக்கு இடையே சத்தமே இல்லாத குழி விழுந்தால் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் குழியை அந்த அறையின் அமைதியால்தான் நிரப்ப முடியும்.

கடைசிக் காட்சி எடுத்த பின்னேரம், நடிகை சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். இயக்குநர் 'கட்' என்றாள். ஒலிக்காரி தும்புத்தடியை இறக்கவில்லை. ஒரு கையைக் காட்டி எங்களை நிற்கச் சொன்னாள். தூரத்தில் யாழ்தேவி கூவியது. அந்த ஒக்ரோபரில்தான் 24 ஆண்டுகளுக்குப் பிறகு கொழும்பு றெயின் யாழ்ப்பாணம்வரை வரத் தொடங்கியிருந்தது. அந்தக் கூவலைத்தான் படத்தின் முடிவில் கேட்பீர்கள். அது திரைக்கதையில் இருக்கவில்லை.

இப்போது திரைக்கதைக்கு வருவோம்.

முதல் எங்களிடம் இருந்த கதை ஒற்றுமையே பலம் என்பது போன்ற ஒன்று. முதல் சனிக்கிழமையோடு அதுவும் செத்துவிட்டது. புதிதாக என்ன எடுப்பது என்று விடுதிக்குப் பக்கத்து மாமரத்தடியில் இருந்து யோசித்தபோது, ஒலிக்காரி தன்னுடைய அம்மம்மாவைப் பற்றிச் சொன்னாள். வலிகாமம் வடக்கில் அவர்களின் வீடு. 1990 இல் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர். அதன்பிறகு அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயம். அம்மம்மா எந்த ஊரில், எந்த வாடகை வீட்டில் இருந்தாலும் வெள்ளிக்கிழமைகளில் அந்தத் திறப்பைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வைப்பார். "வீடே இருக்குதோ தெரியாது. திறப்புத் துருப்பிடிக்கக் கூடாதாம்." இரண்டு மூன்று வசனங்கள்தான். சொல்லிவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ரியூசனுக்குப் போய்விட்டாள்.

நாங்கள் எட்டுப் பேரும் அதைப் பிடித்துக்கொண்டோம். இயக்குநர் இரண்டு இரவு விழித்திருந்து ஏழு பக்கம் எழுதினாள். ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் என்று கணக்கு. அது நல்ல எழுத்து, அதில் எங்களுக்கு இன்றும் சந்தேகமில்லை. பேத்தி ஒருத்தி, அம்மம்மாவின் திறப்பு எதைத் திறக்கும் என்று தேடி, வாடகை வீட்டின் ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்ப்பதாக எழுதியது அவளின் கற்பனைதான். படத்துக்கு 'திறப்பு' என்று பெயர் வைத்தோம். கலைக்காரி பழைய இரும்புத் திறப்பு ஒன்றைத் தேடிக் கடை கடையாக அலைந்தாள். கிடைத்தவை எல்லாம் புதிதாக மினுங்கின. கடைசியில் ஒலிக்காரி வீட்டில் கேட்டு அந்த உண்மையான திறப்பையே கொண்டுவந்தாள். கைக்குட்டையில் சுற்றி, யூனிபோம் பொக்கற்றுக்குள் வைத்து. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அம்மம்மா வேடத்தில் நடித்தவர் எங்கள் விடுதியின் சமையல் அம்மா. ரல்கம் பவுடரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தள்ளுங்கோ பிள்ளையள், நான் இருக்கிறன்" என்று அவராகவே வந்தார். திறப்புக்கு எண்ணெய் பூசும் காட்சியை ஒரே தடவையில் எடுத்தோம். எப்படிப் பூசுவது என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டோம். பதினொரு நிமிடம் வந்தது. போட்டி விதி எட்டு நிமிடம். இயக்குநருக்குப் பிடித்த கிணற்றடிக் காட்சி முழுதாகப் போனது. முதல் வெட்டு முடியும்வரை இயக்குநர் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று ரீச்சர் சொல்லியிருந்தார். தான் எடுத்ததை வெட்ட யாருக்கும் கை வராது. வெளியே விறாந்தையில் இருந்து அவள் நகம் கடித்தாள். ஏழு நிமிடம் பத்து நொடியில் படம் முடிந்தது.

அனுப்ப வேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு பதினொரு மணிக்குப் பெயர் அட்டைகளைச் செய்தோம். மூன்று கேள்விகளில் ஒன்றுகூடப் பெயர் அட்டையைப் பற்றி இருக்கவில்லை. யார் செய்வது, யார் சரிபார்ப்பது என்று எழுதி வைக்கவில்லை. ஆகவே பழைய பழக்கம் திரும்பி வந்தது. தியேட்டரில் பார்த்த படங்களைப் போலவே முதல் அட்டை: 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒரே பெயர். பிறகு நடிகை. பிறகு கமரா. பின்னணியில் நாற்பது நொடி கீபோட் வாசித்துத் தந்த ஒருத்தியின் ஒன்றுவிட்ட தம்பிக்கு 'இசை' என்று தனி அட்டை. கடைசியில், சிறிய எழுத்தில், 'உதவி' என்று மூன்று பெயர்கள். ஒலிக்காரியின் பெயர் அதில் மூன்றாவது. 'விடுதிச் சமையல் அம்மா' என்று அவருக்கு ஒரு நன்றி, பெயர் இல்லை. அவருடைய பெயர் எங்கள் ஒருத்திக்கும் தெரியாது. நான்கு வருடம் அவர் கையால் சாப்பிட்டவர்களும் எங்களில் இருந்தார்கள்.

அந்த அட்டைகளை முகநூல் உள்பெட்டியில் ஒன்பது பேருக்கும் அனுப்பினோம். எட்டுப் பேர் விருப்பக்குறி போட்டோம். ஒன்பதாவது ஆள் 'சரி' என்று எழுதினாள்.

படம் இரண்டாம் பரிசு எடுத்தது. பத்திரிகையில் படம் வந்தது: கேடயத்தோடு இயக்குநர், நடிகை, கமரா, அதிபர். ஒலிக்காரி அந்தப் படத்தில் இல்லை. எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு மண்டபத்தின் பின்னால் நின்றாள்.

அதன்பிறகு பரீட்சை வந்தது, பல்கலைக்கழகம் வந்தது, கலியாணங்கள் வந்தன. சென்ற வருடம் இந்த நூற்றாண்டுக்காகப் பழைய படத்தைத் தேடி எடுத்து, ஆளாளுக்கு இருந்த ஊரில் இருந்து ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தோம். ரொறன்ரோவில் விடிய ஆறு மணி, கோப்பாயில் பின்னேரம். 'கலை'யின் மூத்த மகளுக்கு ஏழு வயது. தாயின் மடியில் இருந்து பார்த்தாள். படம் முடிந்ததும் கேட்டாள்: "அம்மா, அந்தத் திறப்பு ஆற்றை?"

ஒருத்தரும் கதைக்கவில்லை. ஒலிக்காரிதான் சொன்னாள்: "எங்கடை அம்மம்மாவின்ரை, குஞ்சு." பிள்ளை விடவில்லை. "அப்ப உங்கடை பேர் ஏன் முன்னுக்கு வரேல்லை?"

அன்று இரவு இயக்குநர் எங்களுக்குத் தனித்தனியாக எழுதினாள். அது தன்னுடைய பிழை, மேடையில் தானே தனியாகச் சொல்லுகிறேன் என்றாள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டையை எழுதியவள் தொகுப்பு, பெயரைப் போட விட்டவள் இயக்குநர், பார்த்துவிட்டு விருப்பக்குறி போட்டவர்கள் எட்டுப் பேர். அதனால்தான் இந்த உரை முழுதும் 'நாங்கள்' என்று வருகிறது. மாமரத்தடியில் அவள் தன் வீட்டுக் கதையைத் தந்தாள். நாங்கள் அதை எடுத்து எங்களுடைய கெட்டித்தனம் என்று காட்டினோம். அவள் தும்புத்தடியோடு நின்றதால் அவளுக்குச் சொந்தமாக ஒரு கதை இருக்கும் என்பதையே மறந்துபோனோம். அவளும் அவளின் குடும்பமும் இந்த மண்டபத்தில் இல்லை, மலரில் வாசிப்பார்கள். எங்களை மன்னிக்க வேண்டும் என்று இந்தச் சபைக்கு முன்னால் கேட்கிறோம்.

தங்கைமாரே, உங்கள் படத்தின் பெயர் அட்டையை முதல் நாளே எழுதுங்கள், கமராவைத் திறக்க முதல். கதை யாரிடம் இருந்து வந்தது என்பதை அன்றே கேட்டு எழுதுங்கள். பிறகு வேலை மாறினால் அட்டையும் மாறட்டும். கடைசியில் ஒவ்வொருத்தியும் தன்னுடைய வரியை வாசித்துக் கையெழுத்து வைக்கட்டும். 'உதவி' என்ற சொல்லை அட்டையில் போடாதீர்கள். என்ன உதவி என்று போடுங்கள். தேத்தண்ணி வைத்தவரின் முழுப் பெயரையும் கேளுங்கள்.

சமையல் அம்மாவின் பெயரைத் தேடி விடுதியின் பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். அவர் இப்போது இல்லை. அவருடைய மகளைச் சந்தித்துப் பெயரைச் சரியான எழுத்துகளில் எழுதி வாங்கினோம். தாய் நடித்த படம் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. ஏழு நிமிடத்தையும் எங்கள் போனில் மூன்று தரம் போட்டுப் பார்த்தார்.

அட்டைகளை மாற்றிச் செய்து, 'கதை' என்ற இடத்தில் ஒலிக்காரியின் பெயரைப் போட்டு, போன மாதம் அவளுக்கு அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல்பதிவு ஒன்று வந்தது. அவளுடைய சம்மதத்தோடு அதை எழுத்தில் வாசிக்கிறோம்.

"பாத்தனான். வடிவாயிருக்கு. ஆனால் கதை எண்ட இடத்திலை என்ரை பேரைப் போடாதேங்கோ. அது என்ரை கதையில்லை, அம்மம்மாவின்ரை. அவவின்ரை பேரைப் போடுங்கோ, முழுப் பேரும் எழுதி அனுப்பிறன். ஒலி எண்டு தனி அட்டை போட்டு அதிலை என்ரை பேரைப் போடுங்கோ. அந்த றெயின் சத்தம் நான் எடுத்தது."

புதிய அட்டைகளோடு 'திறப்பு' இன்று பின்னேரம் மூன்று மணிக்கு இந்த மண்டபத்திலேயே காட்டப்படும். காற்றாடிகளை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறோம். வெக்கையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.